கைப்பேசியில் செம்பருந்து சிக்குமா?

கேள்வி: பாம்பனில் படகு கரைக்கு வந்ததும் மீன்கழிவுக்குச் செம்பருந்துகள் இறங்குகின்றன. என்னிடம் இருப்பது கைப்பேசி மட்டும். ஜூம் பண்ணினால் செங்கல் துண்டு மாதிரி வருகிறது. வெள்ளைத் தலையாவது தெரிய வழி உண்டா?

பதில் 1: ஜூமை விடுங்கள் தம்பி. 8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாய்க் காட்டும், முன்கண்ணாடி 42 மி.மீ. அகலம்) இரவல் வாங்கி, கண் வைக்கும் பக்கத்தில் கைப்பேசி கேமராவை ஒட்டிப் பிடியுங்கள். ஓரத்தில் கறுப்பு வட்டம் வரும், அப்புறம் வெட்டிக்கொள்ளலாம். கம்பத்தில் உட்கார்ந்த பிறகு எடுங்கள். மதில்மேல் கையை ஊன்றியும் எனக்கு நாற்பதில் மூன்றுதான் தேறியது.

பதில் 2: வானம் பின்னால் இருந்தால் பருந்து கரிக்கட்டைதான். திரையில் பறவையைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டுங்கள். ரொம்பக் கூட்டினால் அந்த வெள்ளைத் தலை வெளுத்துப்போகும்.

கேட்டவர்: ஒன்று சிக்கியது அண்ணா! நகத்தில் மத்தி, வால் மட்டும் வெளியே. தலை கொஞ்சம் மங்கல்தான்.