ஏடிசி டிரைவரில் பவர் மோட் கோப்பு: ஒரு புரோகிராம் தூங்க வைக்கிறது, இன்னொன்றுக்குக் குப்பை எண் வருகிறது

பாயான் லெப்பாஸ் தம்பி:

வணக்கம். சுங்கை பினாங்கு மாதிரி ஆற்றோரங்களில் மாட்டுவதற்கு நீர்மட்டம் அளக்கும் பெட்டி ஒன்று செய்கிறோம். உள்ளே ஏஆர்எம் போர்டு, லினக்ஸ் 6.1, எஸ்பிஐ இணைப்பு வழியாக ஓர் ஏடிசி (அனலாக் அளவை எண்ணாக மாற்றும் சிப்), அதற்குப் பின்னால் பிரஷர் சென்சார், யூஎஸ்பி மோடம். சோலார் தகடும் பேட்டரியும்தான் கரண்ட். மழைக்காலத்தில் வெயில் முகம் காட்டாவிட்டால் பேட்டரி படுத்துவிடுகிறது. பெட்டி தேவைப்படுவதே மழைக்காலத்தில்தான்.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, ஏடிசியின் டிரைவரில் சிஸ்எஃப்எஸ் கோப்பு (கெர்னல் அமைப்பைப் புரோகிராம்கள் படிக்க, எழுதத் தரும் கோப்பு) ஒன்று வைத்திருக்கிறேன், பெயர் பவர் மோட். 0 எழுதினால் முழு விழிப்பு, 3 எழுதினால் சென்சாரின் மின்சாரமே துண்டிக்கப்படும், இடையில் இரண்டு நிலைகள். இதை இரண்டு புரோகிராம்கள் தொடுகின்றன. ஒன்று அளந்து பதிவு செய்வது, இன்னொன்று மட்டம் எகிறினால் எச்சரிக்கை அனுப்புவது. பதிவு செய்வது வேலையை முடித்துவிட்டு 3 எழுதும் நேரத்தில் மற்றது படித்துக்கொண்டிருந்தால் அதற்கு 65535 வருகிறது. ஆறு கரைபுரண்டுவிட்டது என்று நினைத்து அது எச்சரிக்கையை அனுப்பிவிடுகிறது. பக்கத்திலேயே பவர் லாக் என்று இன்னொரு கோப்பு வைத்தால் சரியாகிவிடுமா?

பிறை மீட்டர்காரர்:

எதற்கு இவ்வளவு பாடு? இரண்டு புரோகிராம்களையும் ஒன்றாக்கிவிடுங்கள். தொடுவது ஒரே ஆள் என்றால் சண்டையே இல்லை.

கேஎல் கெர்னல் அக்கா:

இன்றைக்கு ஒன்றாக்கலாம். நாளைக்கு யாராவது சோதனைக்காகக் கையால் அந்தக் கோப்பைப் படித்தால் திரும்பவும் 65535தான். லாக் கோப்பும் வேண்டாம் தம்பி. லாக்கைப் பிடித்த புரோகிராம் செத்துப்போனால் யார் விடுவிப்பது?

கோளாறு இருப்பது கோப்பின் வடிவத்திலேயே. "எந்த நிலைக்குப் போ" என்று கட்டளையிடும் கோப்பில் கடைசியாக எழுதியவர் சொன்னதுதான் நிற்கும், மற்றவருக்கு என்ன தேவை என்பது எங்கேயும் பதிவாகாது. "எனக்கு இது வேண்டும்" என்று ஒவ்வொருவரும் சொல்லும்படி இடைமுகம் இருந்தால், எல்லாருடைய தேவையையும் கூட்டிப் பார்த்து நிலையை முடிவு செய்வது கெர்னலின் வேலையாகிவிடும். இதற்காகத்தான் 2009 இறுதியில் வந்த லினக்ஸ் 2.6.32 பதிப்பிலேயே ரன்டைம் பிஎம் (ஓடும்போதே சாதனங்களைத் தூங்க வைக்கும் பவர் மேனேஜ்மென்ட்) சேர்த்தார்கள். ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் எண்ணிக்கை. டிரைவர் சாதனத்தைத் தொடும் முன் "கெட்", முடித்ததும் "புட்". எண்ணிக்கை பூஜ்யமானால்தான் தூக்கம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் படித்தால் எண்ணிக்கை இரண்டு, ஒருவர் முடித்தாலும் சென்சார் விழித்தே இருக்கும்.

படிக்கும் செயற்கூறுக்குள் பிஎம் ரன்டைம் ரெஸ்யூம் அண்ட் கெட் போடுங்கள். பழைய கெட் சிங்க் வேண்டாம். அது தோற்றுப்போனாலும் எண்ணிக்கையை ஏற்றிவிடும், பிழையோடு திரும்பும் பாதையில் இறக்க மறந்தால் சாதனம் அதற்குப் பிறகு தூங்கவே தூங்காது. எத்தனையோ டிரைவர்களில் இந்த ஓட்டை இருந்ததால்தான் 5.10-இல் புதியதைக் கொண்டுவந்தார்கள். முடிக்கும்போது கடைசியாகத் தொட்ட நேரத்தைக் குறித்துவிட்டு புட் ஆட்டோசஸ்பெண்ட், அதாவது உடனே தூங்காமல் சற்றுக் காத்திருந்து தூங்குவது. காத்திருக்கும் நேரத்தைப் பயனரே மாற்றிக்கொள்ள, சாதனத்தின் பவர் அடைவில் ஆட்டோசஸ்பெண்ட் டிலே என்ற கோப்பு தானாகவே வரும். நீங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம்.

ப்ரோப் செய்யும்போது, அதாவது டிரைவர் சாதனத்தோடு முதலில் இணையும்போது, சென்சாருக்கு நீங்களே மின்சாரம் கொடுத்து, "இது விழித்திருக்கிறது" என்று அறிவித்துவிட்டு, அப்புறம் ரன்டைம் பிஎம்மை இயக்குங்கள். பவர் மேனேஜ்மென்ட்டே இல்லாமல் கட்டிய கெர்னலிலும் சென்சார் அப்போது வேலை செய்யும்.

பிறை மீட்டர்காரர்:

அக்கா சொல்வது சரி, ஆனால் ஒரு விஷயம் இடிக்கிறது. மழை வருமா வராதா என்பது கெர்னலுக்குத் தெரியாது. மட்டம் ஏறும்போது அடிக்கடி அளக்க வேண்டும், தூங்கும் முன் காத்திருக்கும் நேரமும் அதிகமாக வேண்டும். அந்த முடிவு மேலே உள்ள புரோகிராமிடம்தானே இருக்க வேண்டும்?

கேஎல் கெர்னல் அக்கா:

முடிவு மேலேயே இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. அதை எந்த மொழியில் கீழே சொல்கிறோம் என்பதில்தான் வழக்கு. "மோட் 1-க்குப் போ" என்றால் சிப்பின் உள்விவகாரம் வெளியே கசிகிறது. அடுத்த வருடம் வேறு சிப் வாங்கினால் அந்த 1-க்கு அர்த்தமே மாறிவிடும். "நொடிக்கு இத்தனை முறை அளவு வேண்டும்" என்று சொன்னால் எந்த சிப்புக்கும் பொருந்தும். டிரைவரை ஐஐஓ முறையில் (சென்சார், ஏடிசி போன்றவற்றுக்கான கெர்னல் சட்டகம்) எழுதினால் சாம்ப்ளிங் ஃப்ரீக்வன்சி கோப்பு தரப்படுத்தப்பட்டே இருக்கிறது.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த வடிவமைப்பு சிபியு டிஎம்ஏ லேட்டன்சி சாதனக் கோப்பு. சிபியு ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழ எத்தனை மைக்ரோ நொடி வரை பொறுப்பேன் என்பதைப் புரோகிராம் அதில் எழுதும். பலர் எழுதினால் மிகக் குறைந்த எண் எதுவோ அதைக் கெர்னல் எடுத்துக்கொள்ளும். அழகு எங்கே என்றால், கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வரைதான் கோரிக்கை உயிரோடு இருக்கும். புரோகிராம் செத்தால் கெர்னல் கோப்பை மூடும், கோரிக்கையும் கூடவே போய்விடும். போர்டு தூங்காமல் தடுக்க சிஸ்எஃப்எஸ்ஸில் உள்ள வேக் லாக் கோப்பு இப்படி இல்லை. பெயரை எழுதிவிட்டுப் புரோகிராம் செத்தால், யாராவது வேக் அன்லாக்கில் அதே பெயரை எழுதும் வரை போர்டு விழித்தே கிடக்கும். உங்கள் பேட்டரி கதை என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பாயான் லெப்பாஸ் தம்பி:

மாற்றிவிட்டேன் அக்கா, 65535 வருவதில்லை. ஆனால் தூங்கி எழுந்ததும் முதல் அளவு மட்டும் நிஜத்தைவிடக் குறைவாக வருகிறது, அடுத்தது சரியாக இருக்கிறது. இன்னொன்று, போர்டையே தூங்க வைத்து மிதவை ஸ்விட்ச்சால் எழுப்பப் பார்க்கிறோம். சில நேரம் ஸ்விட்ச் அடித்தும் எழுவதில்லை.

கேஎல் கெர்னல் அக்கா:

முதலாவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்தால் ஏடிசியின் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்டர்கள் ஆரம்ப மதிப்புக்குப் போய்விடும். ரெஜிஸ்டர் மதிப்புகளின் நகலைக் கேஷில் வைத்திருக்கும் ரெக்மேப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், தூங்கும்போது அதன் கேஷை அழுக்கானது என்று குறித்துவிட்டு, எழும்போது சிங்க் செய்யுங்கள், நகல் மறுபடி சிப்புக்குள் எழுதப்படும். அதன் பிறகும் தவறாக வந்தால் ரெஃபரன்ஸ் வோல்ட்டேஜ் நிலைபெறும் முன்பே படிக்கிறீர்கள். டேட்டாஷீட்டில் உள்ள காத்திருப்பு நேரத்தை ரெஸ்யூம் செயற்கூறுக்குள்ளேயே வையுங்கள், மேலே உள்ளவர் தலையில் கட்டாதீர்கள்.

இரண்டாவது ஒரு பழைய வழக்கு. போர்டு தூங்கப் போகும் நொடியில் ஸ்விட்ச் அடித்தால், அந்த இன்டரப்டை (ஸ்விட்ச் தரும் சமிக்ஞையை) டிரைவர் அப்போதே கையாண்டு முடித்துவிடும், ஆனால் "தூங்கு" என்று எழுதப்போகும் புரோகிராமுக்கு அது தெரியாது. ஆண்ட்ராய்டு வேக்லாக்கைக் கெர்னலில் சேர்ப்பதா வேண்டாமா என்று 2009, 2010-இல் நடந்த பெரிய வாக்குவாதத்தின் மையமே எது முந்தும் என்ற இந்தப் பந்தயம்தான். அதற்கு விடையாக கெர்னலின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியைப் பராமரிக்கும் ரஃபேல் வைசாக்கி கொண்டுவந்தது 2.6.36-இல் சேர்ந்த வேக்அப் கவுண்ட் கோப்பு. அதைப் படியுங்கள், பாக்கி வேலையை முடியுங்கள், அதே எண்ணைத் திருப்பி எழுதுங்கள். இடையில் ஏதாவது நிகழ்வு வந்திருந்தால் எழுதுவது தோற்கும், மறுபடி முதலிலிருந்து. வெற்றி என்றால் மட்டும் ஸ்டேட் கோப்பில் மெம் என்று எழுதுங்கள். எழுதியபின் வரும் நிகழ்வும் தூக்கத்தைத் தடுத்துவிடும். ஆனால் ஸ்விட்ச்சின் டிரைவர் பிஎம் வேக்அப் ஈவென்ட்டைக் கூப்பிட்டால்தான் கணக்கில் ஏறும். அந்தச் சாதனத்தின் வேக்அப் கோப்பில் எனேபிள்டு என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாயான் லெப்பாஸ் தம்பி:

வேக்அப் கோப்பில் டிசேபிள்டு என்றுதான் இருந்தது. மாற்றியபின் எழுகிறது. ஏற்கெனவே வெளியே போன பெட்டிகளில் பழைய புரோகிராம் பவர் மோடில் எழுதிக்கொண்டிருக்குமே, அந்தக் கோப்பைத் தூக்கிவிடலாமா? அப்புறம் மோடம், அது எதற்கும் அசையாமல் விழித்திருக்கிறது.

கேஎல் கெர்னல் அக்கா:

தூக்காதீர்கள். எழுதுவதை ஏற்றுக்கொண்டு எதுவும் செய்யாமல் விட்டுவிடுங்கள், ஒரே ஒரு முறை லாகில் எச்சரிக்கை போடுங்கள். கோப்பு இல்லை என்ற பிழையில் பழைய புரோகிராம் நின்றுவிட்டால் யார் ஆற்றோரம் போய் ஏணி போட்டு ஏறுவது? பெட்டிகள் எல்லாம் புதுப்பித்தபின் நீக்கலாம்.

மோடம் வேறு கதை. ஹப் தவிர்த்த பெரும்பாலான யூஎஸ்பி சாதனங்களுக்கு பவர் கன்ட்ரோல் கோப்பு ஆன் என்ற நிலையில்தான் தொடங்கும். தூங்க வைத்தால் உருப்படியாக எழாத சாதனங்கள் சந்தையில் அவ்வளவு. ஆட்டோ என்று எழுதிப் பாருங்கள், ரன்டைம் ஸ்டேட்டஸ் சஸ்பெண்டட் ஆகிறதா கவனியுங்கள், ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். காலையில் மோடம் யூஎஸ்பி பஸ்ஸில் (சாதனங்கள் இணையும் தடத்தில்) இருந்தால், சாதனம் வந்ததும் தானாக இயங்கும் யூடெவ் விதியாகப் போட்டுவிடலாம்.

பிறை மீட்டர்காரர்:

எங்களிடம் ஒரு மோடம் ஆட்டோ போட்டதும் பஸ்ஸிலிருந்தே காணாமல் போனது. மோடமுக்கு ஒரு ரெகுலேட்டரும் அதை இயக்கி நிறுத்தும் ஜிபிஐஓ பின்னும் தனியாக வைத்து, அனுப்ப வேண்டிய நேரத்தில் மட்டும் கரண்ட் கொடுக்கிறோம். போர்டில் இடம் இருந்தால் அடுத்த பதிப்பில் அதையும் சேர்த்துவிடுங்கள் தம்பி.