மறுமொழி: ட்ரேசபிலிட்டிக்குத் தமிழ்ச்சொல் – 'சுவடுடைமை' என்பது என் பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

சரக்குப் போக்குவரத்துச் சொற்களுக்கு நாம் போடும் தமிழ்ச் சொற்பட்டியல் வரைவில், ட்ரேசபிலிட்டிக்கு (ஒரு சரக்கு எங்கிருந்து, எப்படி வந்தது என்று பின்னோக்கிக் கண்டறிய முடிவது) 'தடமறிதல்' போதும் என்று இழையில் பலரும் முடிவுக்கு வந்துவிட்டீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மணலியில் ஏற்றுமதி ஆவண வேலை பார்க்கிறவள் நான். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்களுக்கு வருகிற கேள்விகள் இரண்டு வகை. எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும்போது சரக்குக்காரர் போன் செய்வார்: "வண்டி இப்போ எங்க நிக்குது?" இது ட்ராக்கிங். இரண்டாவது வகைக் கேள்வி சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு வரும். பொன்னேரிப் பக்கத்துப் பண்ணை இறால் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்குமதியான நாட்டில் சோதனை செய்கிறார்கள், ஒரு பெட்டியில் ஆன்டிபயாட்டிக் எச்சம் தெரிகிறது. அந்த இறால் எந்தக் குட்டையில் பிடித்தது, எந்த நாளில் உறையவைத்தது, அதே குட்டை இறால் வேறு எந்தப் பெட்டிகளில் கலந்திருக்கிறது? இவற்றுக்குப் பதில் இருந்தால் அந்தப் பெட்டிகளை மட்டும் ஒதுக்கலாம். இல்லையென்றால் லோடு முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். இது ட்ரேசிங். வண்டி எங்கே நிற்கிறது என்று வினாடிக்கு வினாடி காட்டும் செயலி இந்தக் கேள்விக்கு ஒன்றும் உதவாது.

இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், இரண்டும் அடுத்தடுத்து வரும் ஒரு வாக்கியத்தைக்கூட மொழிபெயர்க்க முடியாது. மென்பொருள் கையேடுகளில் அப்படிப்பட்ட வாக்கியங்கள் பக்கத்துக்குப் பக்கம் உண்டு.

தமிழில் இந்த வேறுபாட்டுக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. மாநகரப் பேருந்தில் 'தட எண்' என்று எழுதுகிறோம். வண்டி புறப்படும் முன்பே அதன் தடம் முடிவாகிவிட்டது. தடத்துக்குக் காலடிப் பதிவு என்ற பொருளும் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் இன்றைய பேச்சில் தடம் என்றால் முதலில் வழிதான் நினைவுக்கு வருகிறது. சுவடு அப்படி இல்லை. போனது போன பிறகு எஞ்சுவதுதான் சுவடு. ஆகவே ட்ராக்கிங்குக்குத் 'தடங்காணல்', ட்ரேசிங்குக்குச் 'சுவடறிதல்' என்று பிரித்துக்கொள்ளலாம்.

ட்ரேசபிலிட்டி என்பது இன்னும் ஒரு படி தள்ளி. அது ஆள் செய்கிற வேலை இல்லை, சரக்குக்கு இருக்க வேண்டிய பண்பு. 'சுவடறிதிறன்' என்று ஒருவர் எழுதியிருந்தீர்கள். திறன் என்றதும் தேடுகிறவரின் திறமை ஆகிவிடுகிறது. எவ்வளவு கெட்டிக்காரர் தேடினாலும், பதிவே இல்லாத பெட்டிக்குப் பின்னால் போக முடியாது. அன்புடைமை, அறிவுடைமை என்று குறளின் அதிகாரங்களிலேயே பண்பைச் சொல்லும் அமைப்பு இருக்கிறது. அந்த வழியில் 'சுவடுடைமை'. "இந்த லோடுக்குச் சுவடுடைமை இல்லை" என்றால் குறை எங்கே என்று சட்டென்று புரிகிறது. தொடராக வரும்போது 'சுவட்டுத் தரவு', 'சுவட்டுப் பதிவு' என்று டகரம் இரட்டிக்கும், நாட்டுப் பாடல் போல. யார்டு ஆபீசிலிருந்து "சுவடு அனுப்பிட்டீங்களா?" என்று போனில் கேட்கவும் வரும். எனக்கு இது முக்கியம்.

கரிமச் சுவட்டோடு (கார்பன் ஃபுட்பிரிண்ட்) குழம்பாதா என்று திருவொற்றியூர் அக்கா கேட்டிருந்தார்கள். பத்திரிகைகளில் கார்பன் தடம் என்றும் எழுதுகிறார்கள், ஆக அந்தக் குழப்பம் தடத்துக்கும் உண்டு. சுவடு பழையதை மட்டும்தானே சொல்லும், தர மேலாண்மைச் சொற்களை வரையறுக்கும் ஐஎஸ்ஓ 9000-இல் பொருள் இருக்கும் இடமும் அடங்குமே என்ற கேள்வி வலுவானது. கடைசியாகப் பதிந்த சுவடே இப்போதைய இடம் என்பது என் பதில்.

அடுத்து, இந்தச் சுவட்டுத் தரவைக் கம்பெனிகள் தங்களுக்குள் பகிர்வது. ஒரே கன்டெய்னரை எத்தனை பேர் எத்தனை எண்ணால் அழைக்கிறார்கள் என்று பாருங்கள். கதவில் 4 எழுத்து, 6 இலக்கம், அப்புறம் கட்டத்துக்குள் தனியாக ஒரு சரிபார்ப்பு இலக்கம். லாரிக்காரருக்கு 12 இலக்க ஈ-வே பில். சுங்கத்துக்கு ஷிப்பிங் பில் எண், கப்பல் கம்பெனிக்கு புக்கிங் எண், கதவில் மாட்டிய சீலுக்கு இன்னொரு எண். ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கணினியில் கிடக்கிறது. இவற்றைக் கோக்க, பார்கோடு எண்முறைகளை வகுக்கும் உலக அமைப்பான ஜிஎஸ்1 வகுத்த தரம்தான் இபிசிஐஎஸ். முதல் பதிப்பு 2007, பதிப்பு 2.0 வந்தது 2022. எந்தக் கம்பெனி எந்த மென்பொருள் வைத்திருந்தாலும், சரக்குக்கு நடந்த ஒவ்வொன்றையும் எது, எப்போது, எங்கே, ஏன் என்று ஒரே வடிவில் எழுதித் தர வேண்டும் என்கிறது. 2.0-இல் எப்படி என்பதும் சேர்ந்தது. குளிர்ப்பெட்டியின் வெப்பநிலை போன்ற சென்சார் அளவுகள் அதில் வரும். இப்படி வெவ்வேறு மென்பொருள்கள் சேர்ந்து இயங்கும் இன்டர்ஆபரபிலிட்டிக்கு வரைவில் உள்ள 'ஒத்தியங்கல்' சரியாக இருக்கிறது, அதில் விவாதம் வேண்டாம்.

'எப்போது' என்பதில் ஒரு நுணுக்கம். நேரத்தோடு, உலக நேரத்திலிருந்து நம் +05:30 வேறுபாட்டையும் பதிய வேண்டும் என்று தரம் கட்டாயமாக்குகிறது. யார்டிலிருந்து வண்டி மாலை 4 மணிக்குக் கிளம்பி, துறைமுக வாசலில் 6 மணிக்கு நுழைகிறது. அங்கே உலக நேரத்தில் 12:30 என்று எழுதி, வேறுபாட்டைக் குறிக்காமல் அனுப்பினால், கிளம்பும் முன்பே பெட்டி உள்ளே போய்விட்டதாகக் கணக்கு நிற்கும்.

'எங்கே' என்பதற்குத் தரத்தில் இரண்டு புலங்கள், இரண்டையும் 'இடம்' என்று வரைவில் போட்டிருக்கிறோம். தயவுசெய்து மாற்றுங்கள். காட்டுப்பள்ளியிலோ எண்ணூரிலோ துறைமுக வாசலில் இருக்கும் ஆர்எஃப்ஐடி (ரேடியோ அலையால் அடையாளம் படிக்கும்) கருவி பெட்டியைப் படிக்கிறது. படித்த இடம் வாசல். படித்த பிறகு பெட்டி இருப்பது உள்ளே யார்டில். முதலாவதற்குப் 'பதிவிடம்', இரண்டாவதற்கு 'இருப்பிடம்' என்று வைத்தால் தேடுகிறவர் வாசலில் போய் நிற்க மாட்டார்.

இன்னும் எனக்குத் திருப்தியாகச் சிக்காத சொல் ஒன்று இருக்கிறது. அட்டைப்பெட்டிகளைப் பேலட்டில் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு) அடுக்கி, பேலட்டுகளைக் கன்டெய்னரில் ஏற்றும்போது, எதற்குள் எது இருக்கிறது என்று எழுதும் பதிவு, அதாவது அக்ரிகேஷன். பேலட்டுக்கு 18 இலக்க எண் தந்து அதற்குள் இன்னின்ன பெட்டிகள் என்று கட்டிவைக்காவிட்டால், மேலே சொன்ன இறால் கேள்வியில் கன்டெய்னரோடு சுவடு அறுந்துவிடும். வரைவில் 'திரட்டல்' என்று இருக்கிறது. திரட்டினால் உள்ளே இருப்பவை கலந்துவிட்டதாகத் தோன்றும். இங்கே பெட்டிகள் கலப்பதில்லை, பிறகு பிரித்தெடுக்கவும் முடியும். கலப்பதற்குத் தரத்தில் வேறு நிகழ்வே இருக்கிறது: பல குட்டை இறாலை ஒன்றாக உரித்துப் புதுப் பெட்டிகளில் அடைப்பது. அதற்கு 'உருமாற்றம்' பொருந்தும். அக்ரிகேஷனுக்கு 'உள்ளடக்கல்' என்று யோசித்தேன், ஆனால் உள்ளடக்கம் என்ற சொல்லோடு இடிக்கிறது. 'அடுக்குச் சேர்ப்பு' பரவாயில்லையா? கிடங்கில் வேலை பார்த்தவர்கள், காசிமேட்டில் ஐஸ் பெட்டி கட்டுகிறவர்களிடம் பழக்கம் உள்ளவர்கள், அங்கே என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அட்டவணையில் அந்த வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.