ஊர்க்கோழிக்கு முகமெல்லாம் கட்டி, இது அம்மையா?

படுவான்கரைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம், ஊர்க்கோழி நாப்பது வளக்கிறன். மாரி தொடங்கினதில இருந்து குஞ்சுகளுக்கு கொண்டையிலயும் கண்ணைச் சுத்தியும் மிளகு ஒட்டின மாதிரி கட்டி, முதல்ல நாலு குஞ்சுக்குத்தான், இப்ப பதினொண்டு. ஒரு பேட்டுக்கு ரெண்டு கண்ணும் ஒட்டிப்போய்ட்டு, தீனை முன்னால வெச்சாலும் கொத்தத் தெரியாம நிக்குது, பாக்க ஏலாம கிடக்கு. கடையில தந்த அன்டிபயோட்டிக் மூணு நாள் குடுத்தும் மாறல்ல. வீட்டில சின்னப்பிள்ளை இருக்கு, தொத்துமா?

அக்கரைப்பற்று நானா:
தங்கச்சி பயப்படாதீங்க, இது கோழி அம்மை மாதிரித்தான் இருக்கு. பேர்தான் அம்மை, மனிசருக்கு வாறது வேற வைரஸ், பிள்ளைக்குத் தொத்தாது. வைரஸ் எண்டபடியா அன்டிபயோட்டிக் அதைக் கொல்லாது, புண்ணில வேற கிருமி பூந்தாத்தான் உதவும், அதையும் மிருக வைத்தியர்ட்ட கேட்டுக் குடுங்க. தோலோட நிண்டா மூணு நாலு கிழமையில பொருக்கு தானா விழும், பிடுங்க வேணாம். விழுந்ததைக் கூட்டி எரிச்சுப் போடுங்க, காஞ்ச பொருக்குக்குள்ள வைரஸ் மாசக்கணக்கா கிடக்கும்.
அந்தப் பேட்டை முதல்ல பாருங்க. இளஞ்சூட்டு உப்புத்தண்ணியில பஞ்சை நனைச்சு கண்ணில வெச்சு ஊறவிட்டுத் துடைங்க, சோத்தைப் பிசைஞ்சு கையால ஊட்டுங்க, தண்ணியையும் சொட்டுச் சொட்டா அலகில விடுங்க. போன மாரி என்ட சேவலை எட்டு நாள் இப்பிடித்தான் வெச்சுப் பாத்தன், அம்மையை விட பட்டினிதான் கோழியைக் கொல்லுது.

வாகரை வளவு:
நானா சொன்னது சரி, ஆனா வாயைத் திறந்து பாருங்க அக்கா. உள்ளுக்க மஞ்சளா படை கட்டி, கோழி வாயைத் திறந்து இழுத்து இழுத்து மூச்சு விட்டா அதுதான் பொல்லாத வகை, மூச்சடைச்சுச் செத்துப்போகும், உடனே வைத்தியர்ட்ட காட்டுங்க.
மற்றது நுளம்பு. இதைக் கூடு கூடா கொண்டு போறது நுளம்புதான், மாரியில கூடுறதும் அதாலதான். சிரட்டை, டயர், உடைஞ்ச வாளி எல்லாத்தையும் கவிழ்த்துப் போடுங்க, பொழுதுபட முதல் கூட்டைச் சுத்தி வலையை இறக்குங்க. வருத்தம் வந்ததை வேற கூட்டில போட்டு, நல்லதுக்குத் தீன் வெச்ச பிறகு அதுகளுக்கு வையுங்க. இன்னும் வராத கோழிக்கு இப்பவும் தடுப்பூசி போடலாம், செட்டைத் தோல்ல குத்துறது, ஒரு கிழமை பத்து நாளால குத்தின இடம் தடிச்சு பொருக்கு வந்திருந்தா ஊசி பிடிச்சிட்டு எண்டு அர்த்தம்.

படுவான்கரைக்காரி:
இப்பதான் டோர்ச் அடிச்சுப் பாத்தன், ரெண்டுக்கு நாக்கடியில மஞ்சள் இருக்கு. விடிய பெட்டியில போட்டுக்கொண்டு வைத்தியர்ட்ட போறன், ஊசியும் கேக்கிறன். பேடு ரெண்டு வாய் சோறு விழுங்கினது.