பைக் வேக வழக்கு, முதல் தடவை கோர்ட்டுக்குப் போகிறேன்

வக்கீல் தொழிலில் இருக்கிற அண்ணன், அக்கா யாராவது இருந்தால் கொஞ்சம் பதில் சொல்லுங்கள். போன மாதம் ஒரு ஞாயிறு காலை ஆறரை மணி, ஈ.சி.ஆர். காலியாகக் கிடந்தது, புது பைக், கை சும்மா இருக்குமா? வளைவு தாண்டியதும் புங்கமர நிழலில் முக்காலி மேல் ஸ்பீடு கன். எஸ்.ஐ. திரையைத் திருப்பிக் காட்டினார்: 94. சென்னை எல்லைக்குள் டூவீலருக்கு 2023 நவம்பரிலிருந்து 50தான், அதனால் வாதாட ஒன்றும் இல்லை, தப்பு என்னுடையது.

வெறும் சலான் என்றால் ஆன்லைனில் கட்டிவிட்டுப் போயிருப்பேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிவேகத்துக்கான 183-வது பிரிவுடன், ஆபத்தாக ஓட்டியதாக 184-ஐயும் சேர்த்து எழுதி, லைசென்சை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். இப்போது சம்மன் வந்துவிட்டது, வருகிற புதன் பத்தரைக்கு மாஜிஸ்திரேட் கோர்ட். 184-க்கு முதல் தடவையே 1,000 முதல் 5,000 வரை அபராதம், அல்லது ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை சிறை, இரண்டும் சேர்த்தும் தரலாம் என்று படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. யார் மேலும் இடிக்கவில்லை, குடிக்கவில்லை, ஹெல்மெட்டும் போட்டிருந்தேன், பழைய வழக்கு எதுவும் கிடையாது.

நேரே போய் "தப்புதான் ஐயா" என்று ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு விடுவார்களா, இல்லை முதல் நாளே வக்கீல் வைத்துக்கொண்டுதான் போகவேண்டுமா? ஒத்துக்கொண்டால் பாஸ்போர்ட் போலீஸ் விசாரணையில் இது வருமா? லைசென்சை மூன்று மாதம் சஸ்பெண்ட் செய்வார்கள் என்கிறான் நண்பன், வேலைக்குப் போவதே பைக்கில்தான். அப்புறம், கையில் எவ்வளவு பணம் கொண்டுபோக வேண்டும்?

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.