குடும்பத்துக்கு மீண்டும் செடான் வாங்கலாமா? ஆலோசனை தேவை

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் பழைய செடானுக்குப் (டிக்கி தனியாக உள்ள, தாழ்வான கார்) பதிலாக இன்னொரு செடானையே வாங்க விரும்புகிறேன். ஆனால் அந்த வகைக் கார்களின் சந்தை சுருங்கிவருவது என்னைத் தயங்க வைக்கிறது. வட அமெரிக்காவில் செடான்களைக் கைவிடப்போவதாக ஃபோர்டு 2018-இல் அறிவித்தது. 2020-இல் அதன் ஃப்யூஷன் செடானின் உற்பத்தி நின்றது, 2024-இல் செவ்ரோலெட் மாலிபுவும் நின்றுவிட்டது. ஏறி இறங்க எளிதான உயரமும் விரிந்த பார்வையும் மக்களை எஸ்யூவி பக்கம் ஈர்க்கின்றன, நிறுவனங்களுக்கும் அதில்தான் லாபம் அதிகம். இருந்தாலும், ஈர்ப்பு மையம் தாழ்ந்திருப்பதால் வளைவுகளில் கிடைக்கும் நிலைத்தன்மையையும், காற்றுத் தடை குறைவதால் மிச்சமாகும் எரிபொருளையும், தனியே மூடியிருக்கும் டிக்கியையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. டொயோட்டா கேம்ரியும் ஹோண்டா அக்கார்டும் இன்னும் தொடர்வது உண்மையிலேயே ஆறுதல் அளிக்கிறது.

உற்பத்தி நின்றுபோன செடானைப் பயன்படுத்துவோர் தங்கள் அனுபவத்தைப் பகிர வேண்டுகிறேன். இன்ஜின் பாகங்களைவிட, அந்த மாடலுக்கே உரிய முகப்பு விளக்கு, பம்பர், கதவு போன்றவை கிடைப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அவற்றுக்காக நீண்ட நாள் காத்திருக்க நேர்ந்ததா? மறுவிற்பனை விலை எதிர்பார்த்ததைவிட அதிகமாக இறங்கியதா? முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் தாழ்வான இருக்கையை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதையும் தெரிவித்தால் முடிவெடுக்க உதவியாக இருக்கும்.