கடைசி பெஞ்சு வரை போகுமா? வகுப்பறைப் புதுமை குறித்த அனுபவப் பகிர்வு

ஐந்தாவது பீரியட்:
சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று பெரியார் பல்கலை எல்லைக்குள் ஆசிரியர்களுக்குத் துணையாக வேலை பார்க்கிறவர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். தேசியக் கல்விக் கொள்கை பற்றிய உரை வேண்டாம். நகராத பெஞ்சு, 60 பேர், 50 நிமிடம், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. இதற்குள் எது ஓடுகிறது, எது எங்கே உடைகிறது? அதை மட்டும் எழுதுங்கள்.

கருப்பூர் பக்கம்:
செலவே இல்லாததிலிருந்து தொடங்கலாம். ஹார்வர்டில் எரிக் மஸூர் 1991 வாக்கில் தன் இயற்பியல் வகுப்பில் கொண்டுவந்த சகமாணவர் கற்பித்தல்: ஒரு கேள்விக்கு வாக்களித்து, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடி, மறுபடி வாக்களிப்பது. முறை எளிது, கேள்வி எழுதுவதுதான் கஷ்டம். ஒரு மாதிரி:

"ஏற்காட்டில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக, சேலத்தைவிட ஏன் நேரமாகிறது?
அ) குளிர் அதிகம் என்பதால் தண்ணீர் கொதிக்கக் கூடுதல் வெப்பநிலை தேவை.
ஆ) காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்துவிடுகிறது.
இ) ஆக்சிஜன் குறைவதால் அடுப்பு மந்தமாக எரிகிறது.
ஈ) ஈரக்காற்று பருப்புக்குள் வெப்பம் போகவிடாமல் தடுக்கிறது."

சரியான விடை ஆ. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம்; 300 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும் என்று வைத்தால் அங்கே தண்ணீர் 95 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதிக்கும். ஆனால் கேள்வியின் உயிர் தப்பான விடைகளில் இருக்கிறது. 'அ' என்பது பையன்கள் உள்ளபடியே நம்புவது. வாய்க்கு வந்த மூன்று விடைகளைப் போட்டு நிரப்பினால் எல்லோரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள், பேச ஒன்றும் மிஞ்சாது.

ஒன்றரை நிமிடம் தனியாக யோசிக்க, பேச்சு கூடாது. பிறகு வாக்கு. சரியாகச் சொன்னவர்கள் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் மட்டும் கலந்துரையாடல். 30க்குக் கீழே போனால் பாடத்தையே திரும்ப எடுக்க வேண்டும், 70க்கு மேலே போனால் இரண்டு வரியில் விளக்கிவிட்டு நகரலாம். கலந்துரையாடல் இரண்டு மூன்று நிமிடம், வேறு விடை சொன்னவரோடு. மறுபடி வாக்கு, பிறகு விளக்கம்.

பெரும்பாலும் கெடுவது ஒரே இடத்தில்: முதல் வாக்கின் பட்டை வரைபடத்தைத் திரையில் காட்டிவிடுகிறார்கள். உயரமான பட்டை எதுவோ அதற்கு எல்லோரும் சாய்ந்துவிடுவார்கள், அதற்கப்புறம் யாரும் வாதாட மாட்டார்கள். எண்ணிக்கை ஆசிரியர் கையில் மட்டும் இருக்கட்டும்.

நகராத பெஞ்சுக்கு: ஒற்றைப்படை வரிசைக்காரர்கள் பின்னால் திரும்பி உட்கார்ந்தால் பெஞ்சுக்கு மூன்று என்று ஆறு பேர் குழு தானாக அமையும். பேசுவது தமிழில் இருக்கட்டும். தேர்வு ஆங்கிலத்தில் என்பதற்காக விவாதத்தையும் ஆங்கிலத்தில் கேட்டால் 60 பேரில் ஆறு பேர் குரல்தான் கேட்கும்.

செவ்வாய்ப்பேட்டை:
வாக்கெடுக்கப் பிளிக்கர்ஸ் அட்டை (ஆளுக்கு ஒன்று, கறுப்புக் கட்டம் அச்சிட்டது) பயன்படுத்துகிறவர்களுக்கு ரெண்டு விஷயம். மாணவரிடம் போன் தேவையில்லை, ஆசிரியர் போன் கேமரா போதும். அட்டையின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுதான் விடை. ஜெராக்ஸ் கடையில் பளபளப்பு லேமினேஷன் போட்டுவிடாதீங்க. டியூப்லைட் வெளிச்சம் பட்டு அட்டை மின்னும், கேமரா படிக்காது. மேட் போடுங்க, இல்லேன்னா கனமான அட்டையில் அச்சடித்து அப்படியே விட்டுடுங்க. அடுத்தது விரல். ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக் கறுப்புக் கட்டத்தையே மறைச்சிடுவாங்க. ஓரத்தைப் பிடிக்கணும்னு முதல் நாளே சொல்லணும். அட்டை எண்ணும் வருகைப் பதிவேட்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் பாதித் தலைவலி போச்சு.

அட்டையே இல்லேன்னா நெஞ்சுக்கு நேரா விரல்: ஒன்று அ, ரெண்டு ஆ. கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொன்னால் பின் பெஞ்சு முன் பெஞ்சைப் பார்த்துத் தூக்கும்.

வளைவு இருபது:
சிக்னல் பிடிக்காத இடத்துக்கு மூடுல்பாக்ஸ். ராஸ்பெர்ரி பை என்கிற உள்ளங்கை அளவுக் கணினிக்குள் மூடுல் என்கிற பாடம், தேர்வு நடத்தும் மென்பொருள் முழுவதும் உட்கார்ந்திருக்கும், இணையமே வேண்டாம். பை 4 ஒன்று, 32 ஜிபி மெமரி கார்டு, 5 வோல்ட் 3 ஆம்பியர் டைப்-சி சார்ஜர். மூடுல்பாக்ஸ் தளத்திலிருந்து படிமக் கோப்பை இறக்கி, இமேஜர் மென்பொருளால் கார்டில் எழுதிச் செருகினால் சில நிமிடத்தில் அதே பெயரில் வைஃபை தெரியும்.

எங்கே தடுமாறும் என்றால்:

வைஃபையில் சேர்ந்ததும் போன் "இணையம் இல்லை" என்று சொல்லி மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், பக்கம் திறக்காது. "சார், வரல" என்று வருகிற புகார்களில் முக்கால்வாசி இதுதான். டேட்டாவை அணைக்கச் சொல்லுங்கள்.

பையின் சொந்த வைஃபை 60 போனைத் தாங்காது. 20ஐத் தாண்டினாலே மூச்சு வாங்கும். சாதாரண ரவுட்டர் ஒன்றைக் கேபிளில் இணைத்து அதன்வழி கொடுங்கள். வினாடிவினாவில் பக்கத்துக்கு ஒரு கேள்வி என்று வைத்தால் ஒவ்வொரு தட்டலும் சர்வருக்கு ஓடும்; ஐந்து கேள்வியை ஒரே பக்கத்தில் வையுங்கள்.

பை 4க்குள் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. இணையம் இல்லாமல் எழுப்பினால் பழைய தேதியிலேயே எழும். காலை 10 மணிக்குத் திறக்கும்படி வைத்த தேர்வு திறக்கவே திறக்காது, ஏன் என்று யாருக்கும் புரியாது. வகுப்புக்கு முன் நிர்வாகப் பக்கத்தில் நேரத்தைச் சரிசெய்யுங்கள், அல்லது டிஎஸ்3231 கடிகார மாட்யூலை மாட்டிவிடுங்கள்.

முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கக் கூடாது. நிர்வாகப் பக்கத்திலேயே நிறுத்தும் பொத்தான் இருக்கிறது. பிடுங்கினால் கார்டு கெடும், அதிலிருக்கும் மதிப்பெண்ணும் போகும்.

ஐந்தாவது பீரியட்:
பவர் பேங்கில் ஓடுமா?

வளைவு இருபது:
ஓடும், பேங்க் நிஜமாகவே 3 ஆம்பியர் தந்தால். மெல்லிய சார்ஜர் கேபிள் வழியே வோல்டேஜ் இறங்கி பை தானாக மறுபடி எழும். கேபிள் குட்டையாக, தடிமனாக இருக்கட்டும்.

ஆத்தூர் பஸ்:
தலைகீழ் வகுப்புக்கு, அதாவது பாடத்தை வீட்டில் வீடியோவில் பார்த்துவிட்டு வகுப்பில் கணக்குப் போடுகிற முறைக்கு, வீடியோ எடுப்பவர்களுக்கு. ஆறு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுங்கள். படம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், குரலில் இரைச்சல் இருந்தால் அணைத்துவிடுவார்கள். 480பி, விநாடிக்கு 500 கிலோபிட் என்று வைத்தால் ஆறு நிமிடம் சுமார் 25 எம்பிதான். வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். வீடியோவாகப் போனால் அது சுருக்கிவிடும், கரும்பலகையில் எழுதிய அடிக்குறி எண்கள் எல்லாம் கரைந்துபோகும்.

வீட்டில் பார்த்துவிட்டு வருவார்கள் என்று நம்பி வகுப்பைத் திட்டமிடுவதுதான் பெரிய பொறி. இடைப்பாடி, இளம்பிள்ளைப் பக்கம் சாயங்காலம் தறியில் உட்காருகிற பிள்ளைகள் உண்டு. பார்க்காதவர்களுக்காக ஆசிரியர் அதையே மறுபடி நடத்தினால், பார்த்துவிட்டு வந்தவன் அடுத்த வாரம் பார்க்க மாட்டான். வாசலில் மூன்று கேள்வித் துண்டுத் தாள் கொடுங்கள். எழுத முடியாதவர்கள் முதல் பத்து நிமிடம் பின்வரிசையில் மூவருக்கு ஒரு போன் வைத்துப் பார்க்கட்டும். மற்றவர்கள் கணக்கைத் தொடங்கட்டும். இதைத் தண்டனையாக ஆக்கிவிடாதீர்கள்.

ஸ்வயம், என்பிடெல் என்கிற இணையவழித் தளங்களின் பாடத்தைக் கிரெடிட்டுக்கு எடுக்கச் சொல்கிறவர்கள் இதையும் சொல்லுங்கள்: பாடத்தில் சேர்வது இலவசம், தேர்வுக்குத் தனியாகப் பதிந்து பணம் கட்ட வேண்டும். சேர்ந்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துக் கடைசித் தேதியைத் தவறவிடுகிறவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் உண்டு.

கால்தாள்:
ஆசிரியர்களுக்குத் துணை நிற்கும் கல்லூரி மையத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருநாள் பயிலரங்கம், சான்றிதழ், ஜியோடேக் போட்டோ இவை கோப்புக்கு நல்லது, வகுப்புக்குப் பயன் குறைவு. பருவத்துக்கு நான்கு ஆசிரியர், ஆளுக்கு ஓர் அலகு என்று எடுத்தால் போதும். மாணவர்கள் வழக்கமாக எங்கே விழுகிறார்களோ அந்த அலகைத் தேர்ந்தெடுக்கப் பழைய விடைத்தாள்களே வழிகாட்டும். மையத்தின் துணையாளர் மூன்று முறை வகுப்பில் உட்காரவேண்டும்: மாற்றத்துக்கு முன், நடுவில், பின். துறைத்தலைவருக்கு அறிக்கை போகாது என்பதை முதலிலேயே சொல்லவேண்டும், இல்லையென்றால் அன்றைக்கு மட்டும் வகுப்பு நாடகமாகிவிடும்.

பலன் தெரிய ஒரு நிமிடத் தாள். ஏ4ஐ நான்காகக் கிழித்தால் 60 பேருக்கு 15 தாள். "இன்று புரியாமல் நின்றது எது?" பெயர் வேண்டாம், பதிவெண்ணும் வேண்டாம். மூன்று குவியலாகப் பிரிக்கப் பத்து நிமிடம். மறுநாள் முதல் இரண்டு குழப்பத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். வாரம் ஒரு முறைக்கு மேல் கேட்டால் "ஒன்றுமில்லை" என்றே எழுதித் தருவார்கள்.

செவ்வாய்ப்பேட்டை:
@கருப்பூர் பக்கம், அந்தப் பருப்புக் கேள்வியில் 'இ'தான் சரின்னு ரெண்டாவது வாக்கிலும் பிடிவாதமா நிக்கிறவனுக்கு என்ன பதில்?

கருப்பூர் பக்கம்:
அவன் முழுத் தப்பில்லை. மலையில் அடுப்பு கொஞ்சம் மந்தமாவது உண்மை. ஆனால் தண்ணீர் ஒரு தடவை கொதிக்க ஆரம்பித்துவிட்டால் தீயை எவ்வளவு கூட்டினாலும் ஆவிதான் கூடும், வெப்பநிலை ஏறாது. வாயால் சொல்வதைவிட 20 மிலி சிரிஞ்சு ஒன்று எடுத்துப்போங்கள், ஊசி வேண்டாம். 70 டிகிரி வாக்கில் இருக்கும் வெந்நீர் 5 மிலி உறிஞ்சி, மேலே இருக்கும் காற்றை வெளியேற்றி, நுனியை ரப்பர் மூடியால் அடைத்து, பின்னால் இழுங்கள். தீயே இல்லாமல் கொதிக்கும். முன்கூட்டி ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீராக இருக்கட்டும். இல்லையென்றால் "அது தண்ணிக்குள்ள கரைஞ்ச காத்துதானே சார் வெளிய வருது" என்று அதே பையன் கேட்பான்.