கலைச்சொல்: ‘சுதந்திர விருப்பம்’ போதுமா, ‘தற்றுணிபு’ வேண்டுமா?

அன்புள்ள நண்பர்களே,

ஆங்கிலத்தில் ‘free will’ எனப்படும் மெய்யியல் கருத்துக்கு, அதாவது மனிதர் தாமே ஆராய்ந்து முடிவெடுக்கும் ஆற்றலுக்கு, தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்று இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்தேன். மூன்று கேள்விகளுக்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

> ‘சுதந்திர விருப்பம்’ எல்லாருக்கும் புரிகிறதே. புதுச்சொல் எதற்கு?

புரிகிறது ஐயா, ஆனால் வேறு ஏதோவாகப் புரிகிறது. ‘விருப்பம்’ என்றதும் நாம் ஆசையை நினைக்கிறோம். போதைக்கு அடிமையானவருக்கும் ஆசை இருக்கிறது, நம்மைவிடப் பல மடங்கு வலுவாக. யாரும் அவர் கையைப் பிடித்து இழுப்பதில்லை. தன் விருப்பப்படிதான் போகிறார். அப்படியும் அவரிடம் ஏதோ குறைகிறது என்று நமக்குத் தெரிகிறது. 1971இல் அமெரிக்க மெய்யியலாளர் ஹாரி ஃபிராங்க்ஃபர்ட் எழுதிய கட்டுரை இந்தக் குறையைத்தான் ஆராய்கிறது. மனிதருக்கு ஆசைகள் உண்டு. அவற்றில் எது தன்னை நடத்த வேண்டும் என்பது பற்றியும் ஓர் ஆசை உண்டு. மேலே உள்ள ஆசை கீழே உள்ளதை ஆள முடியாமல் போகும்போது அவர் கட்டுண்டவர் ஆகிறார்.

‘வேண்டாமை வேண்ட வரும்’ என்ற குறளடியில் இந்த இரண்டு படிகளும் இருக்கின்றன. ஆசைப்படாமல் இருப்பதற்கு ஆசைப்படுவது! துறவு பற்றிய இடம்தான், ஆனாலும் மனத்தின் அமைப்பு அதேதான். மேல்படியில் உள்ள ஆசைக்கு ‘விருப்பின்மேல் விருப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்தால், விவாதத்தின் தலைப்புச் சொல்லிலும் ‘விருப்பம்’ வருவது குழப்பம்.

என் பரிந்துரை ‘தற்றுணிபு’. தன் + துணிபு. ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வருவதைத் ‘துணிதல்’ என்பது பழைய வழக்கு. ‘எண்ணித் துணிக கருமம்’ என்பதில் வரும் துணிதல் அதுதான். இலங்கையின் சட்ட, நிர்வாகத் தமிழில் ‘தற்றுணிபு அதிகாரம்’ என்று இன்றும் எழுதுகிறார்கள். விதி எல்லாவற்றையும் சொல்லிவிடாத இடத்தில் அதிகாரி தானே ஆராய்ந்து முடிவெடுக்கும் அதிகாரம் அது. பொருள் கிட்டத்தட்ட நமக்கு வேண்டியதுதான். துணிவு என்றால் தைரியம் என்று ஆகிவிட்டதே என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். ‘துணிபு’ என்ற வடிவத்துக்கு அந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. ‘தன்னிச்சை’ இதைவிட மோசம்: ‘தன்னிச்சையாக முடிவெடுத்தார்’ என்றால் யாரையும் கேட்காமல் செய்தார் என்ற குறைதான் காதில் விழுகிறது.

> ‘கட்டற்ற’ என்பதையாவது முன்னால் சேர்க்கலாமே?

சேர்க்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். கட்டு இருக்கிறதா இல்லையா என்பதுதானே சண்டையே. எல்லா நிகழ்வும் முந்தைய நிலையாலும் இயற்கை விதிகளாலும் முடிவாகின்றன என்றால் முடிவெடுப்பது என்ற ஒன்றுக்கு இடம் உண்டா? உண்டு என்றார் பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம். இல்லை என்பதற்கு 1983இல் அமெரிக்க மெய்யியலாளர் பீட்டர் வான் இன்வாகன் ஒரு வலுவான வாதம் தந்தார்: நாம் பிறப்பதற்கு முந்திய நிகழ்வுகளும் நம் கையில் இல்லை, இயற்கை விதிகளும் நம் கையில் இல்லை, ஆகவே அவற்றின் விளைவான நம் செயலும் நம் கையில் இல்லை. இந்த இரு தரப்பும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வாதாட முடிய வேண்டும். ‘கட்டற்ற’ என்று பெயரிலேயே எழுதிவிட்டால் ஹியூம் வாயைத் திறப்பதற்கு முன்பே தோற்றுவிடுவார். இரண்டும் சேர்ந்திருக்க முடியும் என்னும் ஹியூம் தரப்புக்கு ‘இயைபுக் கொள்கை’, முடியாது என்னும் தரப்புக்கு ‘இயையாக் கொள்கை’ என்ற இணை எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்புறம், ‘ஊழ்’ என்பதை இங்கே கொண்டுவருவதில் கவனம் வேண்டும். நீ என்ன செய்தாலும் நடப்பது நடக்கும் என்பது ஊழ்வாதம். நீ செய்வதன் வழியாகவே நடக்கும், நீ செய்வதற்கும் காரணம் உண்டு என்பது நியதிவாதம். முதலாவதில் முயற்சி வீண். இரண்டாவதில் முயற்சியும் காரணச் சங்கிலியில் ஒரு கண்ணி. இரண்டையும் ‘விதி’ என்ற ஒரே சொல்லால் எழுதும் கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

> மூளை ஆய்வுகள் இதை முடித்துவைத்துவிட்டன, சொல் தேடுவது வீண்வேலை.

முடித்துவைக்கவில்லை. 1983இல் மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் குழு வெளியிட்ட ஆய்வில், தோன்றியபோது கையை அசைக்கும்படி சிலரிடம் சொன்னார்கள். கையசைவுக்குச் சுமார் 550 மில்லிநொடி முன்பே மூளையில் மின்மாற்றம் தொடங்கியது. அசைக்க வேண்டும் என்ற உந்துதலைத் தாங்கள் உணர்ந்ததாக அவர்கள் குறித்த நேரம் சுமார் 200 மில்லிநொடி முன்புதான். மூளை முந்திக்கொண்டது என்று உலகமே பேசியது. ஆனால் 2012இல் இன்னொரு மூளை ஆய்வாளரான ஆரன் ஷர்கரும் உடன் ஆய்ந்தவர்களும் வேறொரு விளக்கம் தந்தார்கள். மூளையில் எப்போதும் இருக்கும் தற்செயல் ஏற்ற இறக்கங்கள் ஓர் எல்லையைத் தொடும்போது அசைவு பிறக்கிறது. பல அசைவுகளைப் பின்னோக்கிச் சராசரி எடுத்தால் அது மெல்ல ஏறும் கோடாகத் தெரியும். அப்படியென்றால் அந்த ஏற்றத்தை ‘முடிவு’ என்று அழைப்பதே பிழை. அதனால் அந்த ஏற்றத்துக்கு (ஆங்கிலத்தில் readiness potential) ‘ஆயத்த மின்னழுத்தம்’ என்ற சொல்லையே ஆதரிக்கிறேன். சிலர் முன்வைத்த ‘முடிவு அலை’ வேண்டாம். தவிர, காரணமே இல்லாமல் கையை அசைப்பதற்கும் எண்ணித் துணிவதற்கும் வெகுதூரம்.

பொறுப்புக்கு வருகிறேன். ‘தார்மிகப் பொறுப்பு’ என்பதைச் செய்தித்தாள்கள் வேறு பொருளுக்கு எடுத்துக்கொண்டுவிட்டன. தான் நேரடியாகச் செய்யாத ஒன்றுக்காக அமைச்சர் பதவி விலகினால் அந்தச் சொல்லைப் போடுகிறார்கள். மெய்யியலில் கேள்வி நேர் எதிரானது: செய்தவரையே பழிக்கவோ பாராட்டவோ நியாயம் உண்டா? எனவே ‘அறப்பொறுப்பு’. செயலுக்கு உரியவரைச் சுட்ட இலக்கணத்தில் ‘கருத்தா’ இருக்கிறது. ஏவுதல் கருத்தா, இயற்றுதல் கருத்தா என்று அதில் வகையும் உண்டு. அரசன் கட்டிய கோயில் என்கிறோம், தச்சன் கட்டிய கோயில் என்றும் சொல்கிறோம், இரண்டும் சரி. ஏவியவர், செய்தவர் என்று பொறுப்பைப் பிரித்துப் பேச இவ்வளவு துல்லியமான சொற்கள் கையில் இருக்கும்போது ஆங்கில ‘agent’ஐப் பார்த்து ‘முகவர்’ என்று எழுதுவது ஏன் என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் எனக்குச் சரியாக அமையவில்லை. உந்துதல் வந்தபின்னும் கடைசி நொடியில் அதை நிறுத்திவிட முடியும் என்று லிபெட் கருதினார். அந்த நிறுத்தலுக்கு ‘மறுப்புத் துணிபு’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். ‘மறுப்பு’ என்பது வாயால் சொல்வதுபோல் ஒலிக்கிறது. ‘விலக்கு’, ‘தடை’ இரண்டையும் போட்டுப் பார்த்தேன், அவை வெளியிலிருந்து வருபவை போல் இருக்கின்றன. இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்